கட்புலப் பேச்சு: பேச்சுப் பயிற்றும் பொறிகளும் பயன்படுவோர் தீர்ப்பும்

வாயிற் பிறக்கும் ஒலி பிறந்த கணத்திலேயே காற்றிற் கலந்து மறைவது. செவியுடையார்க்கு அம்மறைவு ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. ஒலித்த மாத்திரத்தே செவி அதனைப் பற்றிக்கொள்ளும். பிழைபட ஒலித்த நா அடுத்த முறை தானே திருந்தும். செவிப்புலன் இல்லாத பிள்ளைக்கோ இத்திருத்தம் வாய்ப்பதில்லை. ஆசிரியர் இதழைக் காட்டலாம். மிடற்றிற் கைவைத்து அதிர்வை உணர்த்தலாம். நாவின் நிலையைக் காட்டல் அரிது. ஆகவே, மறைந்துபோகும் ஒலியைக் கண்ணுக்குப் புலனாக்கித் தரும் உபாயம் ஒன்றைக் காணவேண்டும் என்னும் வேட்கை 150 ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரைத் தூண்டி வந்துள்ளது. இன்று பேச்சுச் சிகிச்சையாளர் கையாளும் கணினி மென்பொருள்கள் அவ்வேட்கையின் வழிவந்தவையே.

இவ்வரலாற்றைப் பொறிகளின் வரலாறாக எழுதுதலே பெரும்பான்மை வழக்கு. எப்பொறி எந்த ஆண்டில் எவராற் செய்யப்பட்டது என்று நிரல்படக் கூறினால் அது வளர்ச்சியின் வரலாறாகவே காட்சிதரும். பொறியின் முன் அமர்ந்தவர் அதனைக் கையாள வல்லராயினரா, அதனால் அவர்தம் பேச்சுத் திருந்திற்றா என்று வினவிச் செல்லின் வேறொரு வரலாறு வெளிப்படும். அவ்வினாவை முறைப்படி வினவுதற்கென ஒரு துறை தோன்றியது 1980களிலேதான். மனித கணினி ஊடாட்ட ஆய்வு எனப்படும் அத்துறை பேச்சுப் பயிற்சி மென்பொருள்களிடம் வந்தபொழுது, தான் பெரிதும் நம்பியிருந்த சோதனை முறையே அங்குச் செல்லாதொழிவதைக் கண்டது. அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1867ஆம் ஆண்டு அலெக்சாந்தர் மெல்வில் பெல் என்பார் 'கட்புலப் பேச்சு' என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு நூலை இலண்டனில் வெளியிட்டார். இவர் எடின்பரோவிலும் இலண்டனிலும் சொல்வன்மை பயிற்றிய ஆசிரியர். மக்கள் வாயிற் பிறக்கும் ஒலி அனைத்தையும் எழுதவல்ல குறியீட்டுத் தொகுதி ஒன்றை அவர் அந்நூலில் வகுத்தார். அக்குறிகள் வெறும் வரிவடிவங்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒலி பிறக்குங்கால் நாவும் இதழும் மிடறும் நிற்கும் நிலையைச் சுட்டுவது. மெய்க்குறி குதிரை இலாடம் போன்ற வளைவு. அதன் வாய் எத்திசை நோக்குகின்றதோ அதற்கேற்ப அடிநா, நடுநா, நுனிநா, இதழ் என்று உறுப்பு வேறுபடும். தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்றார்க்கு எழுத்தை உறுப்பின் தொழிலால் உணர்த்தும் இம்முறை புதிதன்று. ஆயின் பெல் அவ்விலக்கணத்தையே எழுத்தின் வடிவமாக்கினார்.

அவர்தம் மேடைக்காட்சிகள் புகழ்பெற்றவை. மகனை வெளியே அனுப்பிவிட்டு, அவையோர் எழுப்பும் விந்தையான ஒலிகளைக் குறிகளால் எழுதுவார். மகன் உள்ளே வந்து அக்குறிகளைப் பார்த்த அளவில் அவ்வொலிகளை அவ்வாறே எழுப்புவார். அவையோர் வியந்தனர். வியப்புக்குரிய அச்செயலைச் செய்தவர் செவிப்புலன் நிறைந்தவர். தந்தையிடம் நெடுநாட் பயின்றவர். இதனை அக்காலத்தார் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கருவியைச் செய்தோனும் அவனிடம் பயின்றோனும் கூடி நிகழ்த்தும் காட்சி அக்கருவியின் தகைமைக்குச் சான்றாகாது என்பது இன்று இத்துறையில் முதற்பாடம்.

காட்சியில் உதவிய மகன்மாருள் ஒருவரே பிற்காலத்துத் தொலைபேசியாற் புகழெய்திய அலெக்சாந்தர் கிரகாம் பெல். 1868இல் இலண்டனிற் செவிப்புலனற்ற சிறுமியர்க்கு இக்குறிகளைக் கற்பித்துத் தொடங்கிய அவர், 1871இற் பொஸ்ரன் நகரத்துப் பாடசாலைக்கும், அடுத்த ஆண்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து நோர்தாம்ரன் ஊரிலுள்ள கிளார்க் பாடசாலைக்கும் சென்று, ஆசிரியர்க்கு இம்முறையைப் பயிற்றினார். தொடக்கத்திற் பெருநம்பிக்கை இருந்தது. வகுப்பறையிலோ ஓர் இடர் எழுந்தது. உறுப்புக்களின் நிலையைக் குறியாற் கற்றபின் பிள்ளை ஆங்கில நெடுங்கணக்கையும் தனியே கற்கவேண்டும். முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழி நீண்டது. எவர்பொருட்டு எளிதாக்கப்பட்டதோ அவர்க்கே இரட்டைச் சுமை. 1880களில் அப்பாடசாலை ஆசிரியைகளான அலிஸ் வூஸ்ரரும் கரொலைன் யேலும் வழக்கிலுள்ள ஆங்கில எழுத்துக்களையே ஒலிப்பிடம் நோக்கி அடைவுபடுத்தி அட்டவணைகள் வகுத்தனர். நோர்தாம்ரன் அட்டவணைகள் எனப் பெயர்பெற்ற இவை, பெல்லின் குறிகள் வழக்கொழிந்த பின்னும் நெடுங்காலம் வகுப்பறைகளில் நிலைத்தன. கோட்பாட்டு நிறைவிற் குறிகளே மேலானவை. கற்போர் கைக்கு அட்டவணைகளே பொருந்தின. பயன்படுவோரை நோக்கி ஒரு கருவியைத் திருத்திய தொன்மையான எடுத்துக்காட்டுக்களுள் ஒன்றாக அவ்விரு ஆசிரியைகளின் பணியைக் கொள்ளலாம். வரலாற்று நூல்கள் பெல்லுக்கு அளிக்கும் இடத்தில் நூற்றிலொரு பங்கும் அவர்க்கு அளிப்பதில்லை.

இவ்விடத்திற் பிறிதொரு செய்தியையும் மறைத்தல் ஆகாது. செவிப்புலனற்றோர் வாய்ப்பேச்சையே கற்கவேண்டுமா, சைகை மொழியிற் கல்வி பெறலாமா என்னும் வழக்கு அக்காலத்தில் மூண்டிருந்தது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சே சிறந்ததென்றும் சைகை மொழியை விலக்கவேண்டுமென்றும் தீர்மானித்தது. வந்திருந்த 164 பேராளருள் செவிப்புலனற்றவர் ஒருவரே. கிரகாம் பெல்லும் வாய்ப்பேச்சுக் கொள்கையினரே. அத்தீர்மானத்தால் நேர்ந்த தீங்கிற்கு, அம்மாநாட்டு வரிசையில் 2010இல் வன்கூவரிற் கூடிய மாநாடு வருத்தம் தெரிவித்தது. இடையிற் கழிந்தவை 130 ஆண்டுகள். பேச்சுப் பயிற்றும் பொறிகளின் வரலாற்றில் 'பயன்படுவோரைக் கேட்டறிதல்' என்பது வெறும் தொழினுட்ப விதியன்று என்பதை இச்செய்தி நினைவூட்டும்.

குறிகளை எழுதுவதற்கு மனிதன் வேண்டும்; ஒலியே தன் வடிவத்தைத் தான் எழுதினால் எவ்வளவு நன்று! பிரான்சு நாட்டு லெயோன் ஸ்கொற் 1857இல் உரிமம் பெற்ற ஒலிவரைவியும், கோனிக் என்பார் 1862இல் அமைத்த சுடர்க்கருவியும் அத்தகையன. கிரகாம் பெல் 1874இல் இவ்விரண்டையும் பொஸ்ரனில் ஆராய்ந்தார். பின்னர், கிளாரன்ஸ் பிளேக் என்னும் செவி மருத்துவர் உதவியால் இறந்தார் ஒருவரின் செவியையே கருவியாக்கினார். செவிப்பறை அதிர, அதனோடு இணைத்த வைக்கோற் றுரும்பு புகைபடிந்த கண்ணாடியில் அலைகோடு வரையும். ஆசிரியர் ஒலியின் கோட்டையும் தன் ஒலியின் கோட்டையும் மாணாக்கன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வான் என்பது கருத்து. அவ்வாண்டுக் கோடையில், கனடாவிற் பிறான்ற்போட் என்னும் ஊரிலுள்ள பெற்றோர் இல்லத்தில் இவ்வாய்வைச் செய்துகொண்டிருக்கையிலேயே, ஒரு சிறு சவ்வு இத்துணை எலும்பை அசைக்குமாயின் இரும்புத் தகட்டையும் அசைக்குமன்றோ என்னும் எண்ணம் அவர்க்கு உதித்தது. 1876இல் தொலைபேசிக்கு உரிமம் கிடைத்தது. செவிப்புலனற்றோர்க்கெனத் தொடங்கிய ஆராய்ச்சி செவியுடையார்க்கு மட்டுமே உதவும் கருவியில் முடிந்தது. தட்டெழுத்துப் பொறியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் உபாயத்தை இறொபேட் வைற்பிறெக்ற் என்னும் அறிவியலாளர் 1964இற் கண்டபின்னரே செவிப்புலனற்றோர் தமக்குள் அதனாற் செய்தி பரிமாற இயன்றது. அவரும் செவிப்புலனற்றவரே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பெல்லின் பெயர் தாங்கிய தொலைபேசி ஆய்வகத்தில் அவ்வேட்கை மீண்டும் தளிர்த்தது. இறால்வ் பொற்றர் குழுவினர் அமைத்த ஒலிநிறமாலை வரைவி பேச்சைப் படமாக்கிற்று. படத்திற் கிடையாக நேரமும், நெடுக்காக மீடிறனும், கருமையின் அளவால் ஒலியின் ஆற்றலும் தோன்றும். 1947இற் பொற்றர், கொப், கிறீன் ஆகிய மூவரும் இதுபற்றி வெளியிட்ட நூலுக்கும் 'கட்புலப் பேச்சு' என்றே பெயர். அச்சிட்ட எழுத்தை வாசிப்பது போலச் செவிப்புலனற்றோர் இப்படத்தை வாசிப்பர் என்று எதிர்பார்த்தனர். ஆய்வகத்திலே சிலருக்குப் பயிற்சியும் அளித்தனர். செவிப்புலனற்ற பொறியியலாளர் ஒருவரும் அவருள் இருந்தார். பல மணிநேரப் பயிற்சியின்பின் சில நூறு சொற்களை அவர்கள் அறியவே செய்தனர். ஆயினும் பழகாத வாயினின்று விரைந்து வரும் பேச்சைப் படத்திற் கண்டு படித்தல் கைகூடவில்லை.

கைகூடாமைக்குக் காரணம் இருபது ஆண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று. 'பேச்சின் நிறமாலைப் படங்கள் வாசித்தற்கு அரியன ஆவதேன்?' என்னும் கட்டுரையை லிபர்மன் முதலானோர் 1968இல் எழுதினர். எழுத்துக்கள் தாளில் ஒன்றையடுத்து ஒன்றாய் நிற்பன. பேச்சொலிகளோ ஒன்றனுள் ஒன்று புகுந்து கலந்திருப்பன. 'டி', 'டு' என்னும் இரண்டு அசைகளிலும் முன்னிற்கும் மெய் ஒன்றென்றே செவி கூறும். படத்திலோ முன்னதில் இரண்டாம் ஒத்திசைக் கீற்று மேல்நோக்கி எழும். பின்னதிற் கீழ்நோக்கி இறங்கும். ஒரே மெய்க்கு ஒரே வடிவம் இல்லை. இக்கலப்பைப் பிரித்தறியும் ஆற்றல் செவிக்கு உண்டு. கண்ணுக்கு இயல்பாய் இல்லை. பல்லாண்டு முயன்று இப்படங்களை வாசிக்கக் கற்ற விக்ரர் சூ என்னும் ஆய்வாளர் திறன் 1970களின் இறுதியிற் சோதித்து மெய்ப்பிக்கப்பட்டமை உண்மையே. ஓர் அறிஞர் பல்லாண்டு முயன்று எய்தியதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்த்தல் தகுமோ? படத்தில் உண்மை முழுவதும் இருந்தது, அம்முழுமையே இடராயிற்று. பிள்ளைக்கு வேண்டியது பேச்சின் முழுப்படம் அன்று, அக்கணத்தில் அது திருத்தவேண்டிய ஒன்று எதுவோ அதன் படம்.

கணினி வந்த பின்னரே அத்தெரிவு இயல்வதாயிற்று. 1970களின் முற்பகுதியில், கேம்பிறிச் நகரத்துப் போல்ற், பெரனெக், நியூமன் நிறுவனத்தைச் சேர்ந்த றேமண்ட் நிக்கர்சனும், மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனப் பேராசிரியர் கென்னத் ஸ்ரீவன்சும் தம் குழுவினரோடு ஒரு பயிற்சிப் பொறியை அமைத்தனர். 1973இல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே, செவிப்புலனற்றோர்க்குப் பேச்சுக் கற்பிக்கக் கணினி உதவுமோ என்னும் வினாவாக இருந்தது. பொறியை நிறுவியது கிளார்க் பாடசாலையில். பெல் தம் குறிகளைக் கற்பித்த அதே பாடசாலைக்கு, ஏறக்குறைய 100 ஆண்டு கழித்து, கணினி வந்து சேர்ந்தது.

இப்பொறியின் அமைப்பு சிறிது விரித்துக் கூறற்பாலது. மிடற்றின்மேல் ஒட்டிய மிகச் சிறிய அதிர்வுமானி குரலின் சுருதியை அளக்கும். மூக்கின்மேல் ஒட்டிய மற்றொன்று மூக்கொலி மிகுவதை உணர்த்தும். செவிப்புலனற்ற பிள்ளைகள் பலர் பேச்சில் மூக்கொலி வேண்டாதவிடத்துப் புகுவதும், சுருதி கட்டுப்படாமல் ஏறுவதும் காணப்படும் குறைகள். இவற்றுள் ஒன்றை மட்டும் ஆசிரியர் தெரிந்துகொள்ளலாம். திரையில் ஒரு பந்து ஓடும். அதன் உயரம் குரலின் சுருதியைப் பின்பற்றும். சுவரிலுள்ள துளை வழியே பந்தைச் செலுத்தும் பிள்ளை தன் சுருதியை அடக்கி ஆள்கின்றது. வேறொரு காட்சியிற் கேலிச்சித்திர முகம் ஒன்று வரும். சுருதி ஏறினால் அதன் மிடற்றுக் கட்டியும் ஏறும். நிறமாலைப் படத்தினின்று இப்பந்துவரை வந்த தூரம் பெரிது. படம் பேச்சைப் பற்றி அனைத்தையும் கூறிற்று. பந்து ஒன்றே ஒன்றைக் கூறிற்று. பிள்ளைகள் பந்தைப் புரிந்துகொண்டனர்.

அதன்பின்னரே உண்மையான இடர் வெளிப்பட்டது. பொறியின் முன் பிள்ளை செய்து காட்டிய திருத்தம் பொறியை விட்டு எழுந்து விளையாட்டிடத்திற்குச் சென்றபின் நிலைப்பதில்லை. பயிற்சியிற் பெற்ற திறன் அன்றாடப் பேச்சினுள் சென்று சேராமை இத்துறையார் ஒவ்வொரு தலைமுறையிலும் எதிர்ப்படும் தடை. கண்ணால் அறிந்து திருத்தியது கண்ணின் துணை நீங்கியதும் தளர்கின்றது. பந்தைச் செலுத்தக் கற்பதும் பேசக் கற்பதும் ஒன்றல்ல. விளையாட்டில் வெற்றியை மட்டும் அளக்கும் சோதனை இவ்வேறுபாட்டைக் காணமாட்டாது.

1988இல் ஐ.பி.எம். நிறுவனம் 'ஸ்பீச் வியூவர்' என்னும் தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாடசாலைகளும் மருத்துவமனைகளும் விலைகொடுத்து வாங்கத்தக்க பொறியாக இஃது அமைந்தது. குரல் உரக்கத் திரையிற் பலூன் பெருக்கும் என்பது போன்ற காட்சிகள் இதில் இருந்தன. உயிரொலியைத் திருத்தும் பகுதியை 1993இற் பிறற் முதலானோர் பாடசாலை வயதெய்தாத பிள்ளைகளிடம் ஆராய்ந்தனர். சில ஒலிகளிற் பயன் காணப்பட்டது. உடன் இரு குறைகளும் காணப்பட்டன: பொறி அளித்த தீர்ப்பு எப்பொழுதும் சரியாக இருக்கவில்லை, பிள்ளைகளின் மனம் அதில் நெடுநேரம் நிற்கவும் இல்லை. முதற்குறைக்கு ஒலியியலிற் காரணம் உண்டு. ஆடவர் குரலின் அடிப்படை மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 125 சுற்றுக்கள். சிறு பிள்ளையின் குரலில் அது 300க்கு அணித்தாகும். மீடிறன் உயர உயர அதன் மடங்குகள் தம்முள் விலகி நிற்பதால், உயிரொலியின் அடையாளமான ஒத்திசைக் கீற்றுக்களைப் பொறி அளந்தறிதல் கடினம். பொறிகள் பெரும்பாலும் வளர்ந்தோர் குரலைக்கொண்டு ஆராயப்பட்டவை. அவற்றின் முன் அமர்த்தப்பட்டோர் சிறுவர். சரியாகச் சொன்ன பிள்ளையைப் பொறி பிழையென்று கூறின், அப்பிள்ளை பொறியை ஐயுறுமா, தன் நாவை ஐயுறுமா? சிறுபிள்ளை தன்னையே ஐயுறும். பேச்சுப் பயிற்சிப் பொறியின் பிழை ஏனைய பொறிகளின் பிழையினும் கொடிதாவது இதனாலேயே.

இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் டயான் கியூலி போட், சாள்ஸ் வற்சன் ஆகியோர் 1980களில் தொடங்கிய பயிற்சிப் பொறி வேறொரு வழியை மேற்கொண்டது. பிறர் குரலை அளவுகோலாக்காமல், அப்பிள்ளையே முன்னர்ச் சொன்னவற்றுள் நன்றாக அமைந்தவற்றைச் சிகிச்சையாளர் தெரிந்தெடுப்பார்; புதிய ஒலிப்பை அவற்றோடு ஒப்பிட்டுப் பொறி மதிப்பிடும். பிள்ளை முன்னேறும்பொழுது அளவுகோலும் உடன் மாறலாம். எளிய உபாயமேயாயினும், இவ்வரலாற்றில் இதனினும் அறிவார்ந்தது அரிது எனலாம். பிள்ளை போட்டியிடுவது தன் சிறந்த நாளோடு மட்டுமே.

இஃது இவ்வாறாக, கணினிப் பொறிகளைப் பயன்படுவோரிடம் சோதித்தல் என்பது தனித் துறையாக உருவாகத் தொடங்கிற்று. 1982இல் ஐக்கிய அமெரிக்காவிற் கெய்தர்ஸ்பேர்க் என்னும் ஊரிற் கூடிய மாநாட்டை இத்துறையின் பிறப்பாகக் கூறுவர். அவ்வாண்டிலேயே ஐ.பி.எம். ஆய்வாளரான கிளேற்றன் லூயிஸ், பொறியைக் கையாள்பவர் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையாளவேண்டும் என்னும் சோதனை முறையை இத்துறைக்கு வகுத்தளித்தார். அம்முறை உளவியலிற் பழையது. கார்ல் டங்கர் 1930களிலேயே கையாண்டது. எரிக்சனும் சைமனும் 1980இல் அதற்கு அளவைநெறி வகுத்தனர். 1985இல் ஜோன் கூல்டும் லூயிசும் மூன்று விதிகளைக் கூறினர்: தொடக்கத்திலேயே பயன்படுவோரை அறிக, அவர்தம் செயலை அளந்து காண்க, கண்ட குறையைத் திருத்தி மீண்டும் சோதிக்க. இவற்றை விதி என்று கூறவும் வேண்டுமோ என்று தோன்றலாம். பொறியமைப்பில் ஈடுபட்ட 447 பேரிடம் அவர்கள் வினவியபொழுது இம்மூன்றையும் தாமாகக் கூறியவர் சிறு தொகையினரே.

வாய்விட்டுச் சொல்லும் முறை மலிவானது; விரைவானது; ஏற்றமான பயன் தருவது. அதனால் எங்கும் பரவியது. பேச்சுச் சிகிச்சை மென்பொருளைச் சோதிக்க அழைக்கப்படுபவர் யாவர்? வாய்விட்டுச் சொல்லுதலே எவர்க்கு அரிதோ அவர். திக்குவாயர் ஒருவரைப் பேசிக்கொண்டே திரையைக் கையாளச் சொன்னால் அளக்கப்படுவது திரையின் குறையா, அவர் குறையா? பாரிசவாதத்தாற் பேச்சிழந்தவர் எதனைச் சொல்வார்? அன்றியும், பயிற்சியின்பொழுது வாய் பயிற்சிக்கே உரியது. பொறிக்கு ஒன்றும் சோதனையாளர்க்கு ஒன்றுமாக ஒரே வாய் இரண்டு பேச்சுப் பேசாது. கருவிகளுட் சிறந்ததெனப் போற்றப்பட்டது வேண்டப்பட்ட இடத்திற் கைவிட்டது.

அளவைகளும் அவ்வாறே. 1998இல் வெளிவந்த அனைத்துலக நியமம் பயன்படுதகைமையை மூன்றாற் கூறிற்று: கருதியதை முடித்தல், குறைந்த முயற்சியால் முடித்தல், மனநிறைவு. பத்திரம் நிரப்பும் மென்பொருளுக்கு இரண்டாவது மிகப் பொருந்தும். முயற்சி குறையக் குறைய நன்று. சிகிச்சையிலோ முயற்சியே மருந்து. 'ற'கரத்தைப் பத்து முறை சொல்லவேண்டிய பிள்ளை இரண்டு முறை சொல்லி விளையாட்டை வென்றுவிடுமாயின் அது சிறந்த மென்பொருளன்று. ஆகவே இருவகை முயற்சியைப் பிரித்தறிதல் வேண்டும்: பொத்தானைத் தேடும் முயற்சி வீண், நாவை வளைக்கும் முயற்சி பயன். முன்னதைக் குறைத்துப் பின்னதைக் குறையாது காத்தலே இத்தகைய மென்பொருளை அமைப்போர் கடன். பொதுவான சோதனை அளவைகள் இரண்டையும் ஒருங்கே கூட்டிக் கணக்கிடுவன.

ஐவரைச் சோதித்தாற் குறைகளுட் பெரும்பாலன வெளிப்படும் என்று ஜேக்கப் நீல்சன் கூறியதும் எல்லாவிடத்தும் செல்லாது. ஒரே தன்மையினர் ஐவர் கிடைப்பாராயின் அக்கணக்குப் பொருந்தும். பேச்சிழப்புற்றோர் ஐவரை அழைத்தால், ஒருவர் சொல்லைத் தேடுபவராகவும், ஒருவர் கேட்டதை உணராதவராகவும், ஒருவர் வலக்கை இயங்காதவராகவும் இருப்பர். ஐவரும் ஐந்து உலகம்.

சிறுவரைச் சோதிப்பதில் வேறு வகை இடர். 2002இல் இங்கிலாந்தின் மத்திய லங்காசயர்ப் பல்கலைக்கழகத்து ஜனற் றீட் முதலானோர் முகக்குறி அளவை ஒன்றைக் கொணர்ந்தனர். சோர்ந்த முகம் முதல் மலர்ந்த முகம் வரை ஐந்து முகங்கள். பிள்ளை தன் மனத்திற்கேற்ற ஒன்றைத் தொட்டாற் போதும், பேசவேண்டுவதில்லை. நல்ல உபாயம், ஆயின் மிகச் சிறிய பிள்ளைகள் எதனைப் பற்றிக் கேட்பினும் மிக மலர்ந்த முகத்தையே தொடுவர் என்பதும் கண்டறியப்பட்டது. பெரியவர் கேட்கும்பொழுது நன்றென்று கூறுதல் பிள்ளைகளின் இயல்பு. ஆசிரியராய் இருந்தார் எவரும் இதனை அறிவர். வாய் கூறாததையும் முகக்குறி கூறாததையும், பிள்ளை நாளைக்கும் தானாக வந்து அதனைத் திறக்கின்றதா என்பது கூறும்.

அவ்வுண்மையை உணர்ந்து நடாத்தப்பட்ட ஆய்வுகளுள் 'அப்பிறக்சியா வேர்ல்ட்' என்னும் விளையாட்டைப் பற்றியது குறிப்பிடத்தக்கது. இது பேச்சியக்கத் தடுமாற்றமுள்ள பிள்ளைகட்கெனச் செய்யப்பட்டது; நெடுநாள் விளையாடுதற்கென்றே அமைக்கப்பட்டது. 2021இல் வெளிவந்த ஆய்வின்படி, பத்துப் பிள்ளைகள் தத்தம் வீட்டிலேயே நான்கு வாரம் விளையாடி, இரு வாரம் ஓய்ந்து, மீண்டும் நான்கு வாரம் விளையாடினர். ஒரு பகுதியிற் பெற்றோர் முதலிய காப்பாளர் ஒலிப்பைத் தீர்ப்பிட்டனர். மற்றதிற் கணினியே தீர்ப்பிட்டது. பேச்சில் திருத்தமும் பயிற்சியில் ஈடுபாடும் காணப்பட்டன. எனினும் ஆய்வாளர் இதனை வழக்கமான வீட்டுப் பயிற்சிக்குத் துணை என்றனரேயன்றி அதற்கு மாற்று என்றிலர். ஓர் அறையில் ஒரு மணிநேரம் நிகழும் சோதனையாற் பத்து வாரத்தின் இயல்பை அறியமுடியாது என்பதற்கு இவ்வாய்வின் அமைப்பே சான்று.

பேச்சிழப்புற்ற வளர்ந்தோர் பொருட்டு நிகழ்ந்த ஆய்வுகளே சோதனை முறையை அடியோடு மாற்றின. 2004இற் கனடாவில் மொபற், மக்கிறனியர் முதலானோர் படமும் ஒலியும் கொண்ட நாட்குறிப்பு ஒன்றைப் பேச்சிழப்புற்றோரோடு கூடியே அமைத்தனர். இலண்டன் சிற்றி பல்கலைக்கழகத்து ஸ்ரெபனி வில்சன், ஜேன் மார்ஷல், ஜூலியா கலியேர்ஸ் குழுவினர் இதனை மேலும் கொண்டுசென்றனர். அவர்கள் 2012இல் எழுதிய கட்டுரைத் தலைப்புச் 'சொற்கள் போதா' என்று தொடங்குகின்றது. கணினித் துறையாரும் பேச்சுச் சிகிச்சைத் துறையாரும் ஒரே அறையில் அமர்ந்து செய்த பணி அது. பேச்சிழப்புற்றோர் சோதனைப் பொருளாகவன்றி ஆலோசகராக அமர்த்தப்பட்டனர். 'இதனைப் பற்றி என்ன எண்ணுகின்றீர்?' என்று வினவுவதை விடுத்து, இயங்கும் மாதிரிகளைக் கையில் தந்து தெரிந்தெடுக்கச் செய்தனர். சொல்லால் அன்றித் தொட்டும் சுட்டியும் விலக்கியும் அவர் தீர்ப்பளிக்கலாம். வினாக்கள் குறுகின, படங்கள் பெருகின, விடைக்காகக் காத்திருக்கும் நேரம் நீண்டது. காத்திருத்தலையும் ஒரு முறையாகக் கொண்டது இவ்வாய்வு.

அவ்வாறு அமைந்தவற்றுள் ஒன்று 'ஈவா பார்க்'. கணினித் திரையில் ஒரு தீவு. வீடுகளும் உணவுச்சாலையும் உண்டு. பேச்சிழப்புற்றவர் அங்கு ஓர் உருவெடுத்து உலாவி, எதிர்ப்படுவாரோடு தம் குரலிலேயே பேசலாம். தெருவிற் பேசத் தயங்குபவர்க்கு, தவறினும் நகைப்பார் இல்லாத தெரு அது. 2016இல் வெளிவந்த ஆய்வில் 20 பேர் ஐந்து வாரம் அதிற் பயின்றனர். அன்றாடக் கருத்துப் பரிமாற்றத்தை அளக்கும் சோதனையில் அவர்கள் முன்னேறினர். தன்னம்பிக்கை, தனிமையுணர்வு முதலியவற்றை அளந்த வினாக்கொத்துக்களில் மாற்றம் தோன்றவில்லை. ஆய்வாளர் இரண்டையும் ஒருங்கே அச்சிட்டனர்.